கண்டிச் சரிவில் கொடியும் கெண்டையும்

கண்டியின் வீட்டுத்தோட்டம் மேல்நோக்கி எழுந்து நிற்பது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே கிடக்கும் இந்த ஊரில் சமநிலம் அரிது. பத்துப் பதினைந்து பேர்ச் காணியிலேயே வீடும் கிணறும் மரமும் அடங்க வேண்டும். அதனால் நிலம் அகலத்தில் தராததை உயரத்தில் பெற்றுக்கொள்ளும் ஒரு முறை இங்கே நூற்றாண்டுகளாக உருவாகியிருக்கிறது. பலா, தென்னை, கித்துள் ஆகியவை உச்சியில் நிற்கும். அவற்றின் நிழலில் சாதிக்காயும் கராம்பும் கமுகும் வளரும். அதற்கும் கீழே கோப்பி, கொக்கோ, வாழை. நிலத்தோடு இஞ்சி, மஞ்சள், கிழங்கு, கீரை. வேளாண்காடு பற்றி ஆராய்பவர்கள் இதைக் ‘கண்டிய வீட்டுத்தோட்டம்’ என்றே பெயரிட்டு, ஒரு துண்டு நிலத்தில் காட்டின் அடுக்குகளை அமைத்துக்கொண்ட வாழ்முறைக்கு எடுத்துக்காட்டாகக் கூறுகிறார்கள். பூங்கொடிகளும் வண்ண மீன் தடாகமும் கொண்ட அலங்காரத் தோட்டத்தை இன்று கண்டியில் அமைக்க விரும்புபவர் முதலில் படிக்க வேண்டிய பாடம் இந்தப் பழைய தோட்டத்தில்தான் இருக்கிறது.

அந்தப் பாடத்தின் நடுவில் கொடி இருக்கிறது. மிளகும் வெற்றிலையும் நிலத்தில் ஒரு சாண் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை எல்லாம் பிற மரத்தின் தண்டில் நடத்திக்கொள்பவை. மிளகுக்கொடியின் ஒவ்வொரு கணுவிலும் சிறு வேர்கள் தோன்றிப் பட்டையைப் பற்றிக்கொள்ளும். மரத்தின் சாற்றை அவை உறிஞ்சுவதில்லை. கண்டி, மாத்தளைப் பகுதிகளில் மிளகு ஏறுவதற்கு உயிருள்ள தாங்குமரமாகப் பெரிதும் நடப்படுவது கிளிரிசீடியா. கிளையை வெட்டி ஊன்றினாலே துளிர்க்கும். வேரில் நைதரசனை நிலைப்படுத்தும். அதன் கிளைகளைக் கழித்து, விழும் இலையைக் கொடியின் அடியில் பரப்பினால் உரமாகும். கழித்த இடைவெளியால் கொடிக்கு வெயிலும் கிடைக்கும். ஒரே மரம் தாங்கியாகவும் குடையாகவும் உரமாகவும் இருக்கிறது. கடையில் விற்கும் இரும்புக் கம்பிப் பந்தல் இந்த மூன்றில் ஒன்றைத்தான் செய்கிறது. கம்பி கூடாது என்பதில்லை. காணியில் ஏற்கெனவே ஒரு மரம் நிற்கும்போது அதை வெட்டிவிட்டுப் பந்தல் போடுவதுதான் வீண்.

அலங்காரக் கொடிகள் கண்டிக்குப் பெரும்பாலும் பேராதனை வழியாக வந்தவை. மகாவலி ஆறு வளைந்து அணைத்துக்கொண்ட நிலத்தில், கீர்த்தி சிறீ இராசசிங்கனின் அரச தோட்டம் இருந்த இடத்தில், 1821இல் அலெக்சாந்தர் மூன் தாவரவியல் பூங்காவை நிறுவினார். 147 ஏக்கர் பரப்புள்ள அந்தப் பூங்கா, உலகின் வெப்ப மண்டலங்களிலிருந்து செடிகளை வரவழைத்துப் பழக்கிப் பார்த்துப் பரப்பும் இடமாக இரு நூற்றாண்டுகள் இயங்கியிருக்கிறது. அங்கே பொறுப்பாளராகப் பல்லாண்டு பணியாற்றிய எச்.எஃப். மக்மிலன் 1910இல் வெளியிட்ட வெப்பமண்டலத் தோட்டக்கலைக் கையேடு, கொழும்பிலிருந்து சிங்கப்பூர் வரை தோட்டம் போட்டவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தது. இன்று கண்டி வீதிகளின் மதில்களில் வழிந்து தொங்கும் நிறங்களில் பெரும்பகுதி இந்தப் பேராதனை மரபின் பயன்.

கொடியைத் தேர்ந்தெடுக்கும்போது பூவின் நிறத்தைப் பார்ப்பதே வழக்கம். அது எப்படி ஏறுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தாங்கியை முடிவு செய்வது அதுவே. சங்குப்பூவும் துன்பெர்ஜியாவும் தண்டையே சுற்றி ஏறுபவை. அவற்றுக்கு விரல் பருமனுள்ள கயிறோ கம்பியோ போதும், தடித்த தூணைச் சுற்ற அவற்றால் இயலாது. கொடித்தோடை பற்றுக்கம்பிகளால் பிடிப்பது. அதற்கு வலை வேண்டும். கார்த்திகைப்பூவின் இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிவிடும். அதன் கிழங்கில் கொல்கிசின் என்ற கடும் நஞ்சு உண்டு என்பதால் குழந்தைகள் மண்ணைத் தோண்டி விளையாடும் மூலையில் அதை நடக்கூடாது. போகன்வில்லா முள்ளைக் கொளுவிச் சாய்ந்து ஏறுவது. அதைக் கட்டிவிட வேண்டும், வெயிலும் வேண்டும். மழைக்காலம் முழுதும் இலையாகவே நின்று, நிலம் காய்ந்ததும் நிறத்தைக் கொட்டும் இயல்பு அதற்கு உண்டு. சுவரில் ஒட்டி ஏறும் சிற்றிலை அத்திக்கொடி இளமையில் பச்சைத் துணி விரித்ததுபோல் அழகாயிருக்கும். முதிர்ந்தபின் பழைய சுண்ணாம்புச் சுவரின் பூச்சை வேரோடு பெயர்த்து எடுத்துவிடும்.

இரங்கூன் மல்லியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தியில் வெள்ளையாக விரியும் பூ மறுநாள் இளஞ்சிவப்பாகி அதன்பின் செந்நிறமாகும். ஒரே கொத்தில் மூன்று நிறங்களும் இருக்கும். வெள்ளையாக மணக்கும் இரவில் நீண்ட உறிஞ்சுகுழாயுள்ள அந்துப்பூச்சிகளை அது அழைக்கிறது. சிவந்தபின் பகற்பொழுதின் தேன்சிட்டுகளும் வண்ணத்துப்பூச்சிகளும் வருகின்றன. கண்டியின் ஈரக்காற்றுக்கு மிக ஏற்ற இன்னொன்று, பிலிப்பைன்சின் மழைக்காட்டிலிருந்து வந்த ஜேட் கொடி. கடல்பச்சை நிறப் பூங்கொத்துகள் ஒரு மீட்டருக்கு மேலும் நீண்டு தொங்கும். அவற்றை நிமிர்ந்து பார்க்கும்படி மனித உயரத்துக்கு மேலே உறுதியான பந்தல் வேண்டும். ஈரத்தில் நனைந்த முதிர்ந்த கொடியின் எடையைச் சாதாரண மூங்கில் தாங்காது. மூங்கிலில் தொடங்கி, பந்தல் சரிந்தபின் இரும்புக்கு மாறுவதைவிட, தொடக்கத்திலேயே நாகம் பூசிய இரும்புக்குழாயைக் கொங்கிறீற்றில் ஊன்றுவது செலவு குறைவு. உடவத்தக்கலைக் காட்டுக்கு அருகே வசிப்பவர்கள் பந்தலை இன்னும் திடமாக அமைக்க வேண்டும். குரங்குக் கூட்டம் கொடித்தோடைக் காய்க்காக வரும்போது வலையோடு சேர்த்து இழுத்துவிடும்.

உடவத்தக்கலை, தலதா மாளிகைக்குப் பின்னால் 104 ஹெக்டேயரில் நிற்கும் காடு. மன்னர் காலத்தில் பொதுமக்கள் நுழையத் தடை இருந்த அரச வனம் அது, 1938இலிருந்து சரணாலயம். சிங்களத்தில் பூஸ்வெல் எனப்படும் மாபெரும் காட்டுக்கொடி மனிதத் தொடையைவிடப் பருத்த தண்டோடு அங்கே மரத்துக்கு மரம் தாவிக் கிடக்கிறது. கொடி என்றால் என்ன என்பதைக் கண்டியில் காண விரும்புபவர் போக வேண்டிய இடம் அது. அதே காட்டின் சில பகுதிகளில் நிலத்தையும் அடிமரங்களையும் மூடிப் படர்ந்திருப்பது மணி பிளாண்ட். வீட்டுக் கூடத்தில் போத்தல் நீரில் உள்ளங்கை அளவு இலையோடு அடங்கி நிற்கும் அதே செடி, மரத்தில் ஏறியதும் முழங்கை நீளத்துக்கு இலை விடும். அது பூப்பது மிக அரிது; விதையில்லாமலே, தண்டுத் துண்டுகளால் மட்டுமே பரவுகிறது. ஆகவே ஒரு காட்டில் அது படர்ந்திருக்கிறது என்றால் யாரோ வெட்டிய துண்டு அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பொருள். கொடி கழித்த குப்பையை வேலிக்கு அப்பால் எறிவது மலைநாட்டில் சிறு செயல் இல்லை. கழித்ததை வெயிலில் முழுதும் காயவைத்து, அதன்பின் காணிக்குள்ளேயே உரக்குழியில் இட வேண்டும். துன்பெர்ஜியாவுக்கும் இதே விதி பொருந்தும்.

வீடும் கொடியும் நீரும் ஒன்றுக்கொன்று எப்படி அமைய வேண்டும் என்பதற்குக் கண்டியிலேயே ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 1918இல் கண்டியில் பிறந்த கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா, 1940களின் இறுதியில் தம் முதற் பெரும் பணியாகக் கட்டத் தொடங்கிய கருணாரத்ன வீடு இங்கேயே சரிவில் நிற்கிறது. சரிவை வெட்டிச் சமமாக்குவதற்குப் பதிலாக வீட்டின் தளங்களைச் சரிவோடு இறக்கிவைத்தார் அவர். பழைய கண்டிய வீட்டின் நடுமுற்றத்தை நவீன வடிவில் மீட்டெடுத்து, செடியையும் வெளிச்சத்தையும் காற்றையும் வீட்டுக்குள் அழைத்தார். உலகம் பின்னாளில் ஜெஃப்ரி பாவா என்ற கட்டடக் கலைஞரின் பெயரில் கொண்டாடிய பலவற்றை இவர் முன்பே செய்து காட்டியிருந்தார் என்பதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. தோட்டம் போடுபவருக்கு அவர் விட்டுச்சென்ற பாடம், மலையை வெட்டுவது குறையட்டும் என்பதுதான்.

மீன் தடாகத்துக்கு வரும்போது அந்தப் பாடம் உயிர்ப் பிரச்சினையாகிறது.

பார்த்து மகிழ மீனை வளர்ப்பது கண்டிக்குப் புதிதன்று. 1660 முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்து தப்பிய ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியான தம் நூலில், மன்னனின் மகிழ்ச்சிக்காக உணவிட்டுக் காக்கப்பட்ட ஆற்றுமீன்களைப் பற்றி எழுதுகிறார். அவற்றைப் பிடிக்கத் தடை இருந்தது. பழகிப்போய்க் கையிலிருந்தே உணவை வாங்கித் தின்றன. 1807இல் கடைசி மன்னன் சிறீ விக்கிரம இராசசிங்கன், வயலாகக் கிடந்த பள்ளத்துக்கு அணைகட்டிக் கண்டிக் குளத்தை உருவாக்கினான். குளத்தில் நீர் தங்குவதற்கும் அது ஊரின் அழகாக நிற்பதற்கும் காரணம் அது பள்ளத்தில் இருப்பது. சரிவின் நடுவில் தொங்கவிட்ட நீர் வேறு வகை.

கோய் எனப்படும் வண்ணக் கெண்டையும் ஒரு மலைநாட்டுப் பிறவி. சப்பானின் நீகாத்தா மாவட்டத்தில், யமகோஷி மலைக்கிராமங்களின் அடுக்கு வயல்களுக்கு நீர் தேக்கிய குட்டைகளில், பனியால் வெளியுலகம் அடைபடும் மாதங்களுக்கு உணவாகக் கெண்டை வளர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றில் சிவப்பும் வெள்ளையுமாகத் தோன்றிய பிறழ்வுகளை உழவர்கள் பிரித்து வளர்த்தார்கள். 1914இல் தோக்கியோவில் நடந்த கண்காட்சிக்குப் பிறகே அவை நாடறிந்தவை ஆயின. அதே யமகோஷியில் 2004 ஒக்ரோபர் 23இல் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் மலைச்சரிவுகள் இடிந்து குட்டைகள் உடைந்தன. பெருந்தொகையான மீன்கள் மடிந்தன. கிராமம் முழுவதையும் வெளியேற்ற வேண்டியதாயிற்று. கண்டிக்கு நிலநடுக்கத்தைவிட மழையே பெரும் அச்சம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் இந்த மாவட்டத்தின் பல இடங்களில் மலை இறங்கி வீடுகளை மூடியது. அதைக் கண்ட பிறகு இங்கே தடாகம் வெட்டுபவர் மீனின் நிறத்திலிருந்து தொடங்க முடியாது.

கணக்கு எளியது. ஒரு கன மீட்டர் நீர் ஒரு தொன் எடை. 4 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழமுள்ள தொட்டி 12 தொன் நீரைத் தாங்கும். அதைச் சரிவின் விளிம்பிலோ தடுப்புச்சுவரின் தலைமேலோ வைப்பது, மண்ணின் நெற்றியில் பாரம் ஏற்றுவது. அதைவிடக் கெட்டது கசிவு. கண்ணுக்குத் தெரியாமல் நாள்தோறும் கசியும் நீர் மண்ணை ஊறவைத்து, அதன் பிடிப்பைத் தளர்த்தும். பெருமழை வரும் நாளில் அந்த மண்ணுக்கு மேலும் நீரை ஏற்க இடமிருக்காது. பாதிப்பு மேலே உள்ள தடாகக்காரருக்கு வருவதைவிடக் கீழே உள்ள வீட்டுக்கு வரும். ஆகவே தடாகத்துக்கு ஏற்ற இடம் காணியின் இயற்கையான சமதளம். வெட்டிக் கொட்டிய நிரப்பு மண்ணில் கட்டவே கூடாது. நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென ஊறும் கலங்கல் நீர் ஆகியவை தென்படும் காணியில் தடாகம் என்ற எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். ஐயமிருந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தில் அந்த இடம் எந்த வலயத்தில் விழுகிறது என்று கேட்டறியலாம்.

இடம் சரியென்றால் ஆழம் அடுத்தது. கோய் 60 சென்ரிமீட்டருக்கு மேல் வளரும், பல பத்தாண்டுகள் வாழும். முழங்கால் ஆழத் தொட்டியில் அதை விடுவது கொடுமை. ஒரு மீட்டருக்குக் குறையாத ஆழமும், ஒரு பெரிய மீனுக்கு ஆயிரம் லீற்றர் நீரும் என்று தொடங்குவது நியாயம். மேலே சொன்ன 12 கன மீட்டர் தொட்டியில் பத்துப் பன்னிரண்டு மீனுக்கு மேல் ஆசைப்படக்கூடாது. தொட்டியைக் கம்பி கட்டிய கொங்கிறீற்றில் கட்டி நீர்த்தடுப்புப் பூச்சுப் பூசலாம்; தடித்த இறப்பர் விரிப்பும் இடலாம். புதிய சீமெந்து நீரில் சுண்ணாம்பை விடும். அந்தக் காரம் மீனின் செவுளைச் சுட்டுவிடும். வாழைத்தண்டைத் துண்டுபோட்டு ஊறவிட்டு, நீரைப் பலமுறை மாற்றும் பழைய வழக்கம் நல்லதே; பி.எச். அளவு 8.5க்குக் கீழே வந்து நிலைத்ததா என்று சோதித்த பிறகே மீனை விட வேண்டும்.

வடிகட்டிதான் தடாகத்தின் ஈரல். மீனின் கழிவும் செவுளும் வெளியிடும் அமோனியா நஞ்சு. ஒரு வகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக்கும், அதுவும் நஞ்சே. இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக்கும், அதைத் தாவரம் உண்ணும். இந்தப் பற்றீரியாக்கள் வடிகட்டியில் குடியேறி நிலைகொள்ள ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். அந்த நாட்களில் ஒன்றிரண்டு மீன் போதும், உணவும் குறைவாக இருக்கட்டும். தடாகம் கட்டிய வாரமே வண்ண மீன்களால் நிரப்புவதே புதிய தடாகங்களில் மீன் சாவதற்கு முதற் காரணம்.

இதில் கண்டிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. மழைநீரும், கருங்கற் பாறை வழி ஊறிவரும் நீரும் பொதுவாக மென்மையானவை. அமிலத்தைத் தாங்கும் காபனேற்று அவற்றில் குறைவு. ஒரு கிராம் அமோனிய நைதரசனை மாற்ற, ஏழு கிராம் கல்சியம் காபனேற்றுக்கு இணையான காரத்தன்மையை அந்தப் பற்றீரியாக்கள் செலவழிக்கின்றன. மென்னீர்த் தடாகத்தில் அந்த இருப்பு சத்தமின்றித் தீர்ந்துபோய், ஒரு பெருமழை இரவில் பி.எச். சரிந்துவிடும், காலையில் நீர் பளிங்காயிருக்கும், மீன் செத்து மிதக்கும். சிப்பி ஓடு நிறைந்த வலைப்பையை வடிகட்டிக்குள் வைத்தால் அது மெல்லக் கரைந்து இருப்பைக் காக்கும். திகனைப் பக்கம் வெட்டப்படும் டொலமைட்டும் பயன்படும்; கரைவது மெதுவாக இருக்கும். கூரைத் தண்ணீரை நேரே தடாகத்துக்குள் திருப்பக்கூடாது. குழாய் நீரில் குளோரீன் உண்டு. அதை நீக்காமல் தடாகத்தில் விடக்கூடாது.

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் ஒரு நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு இருந்தது. வடிகட்டிக்கு நீரை அனுப்பும் நீரேற்றி மின்சாரமின்றி நின்றால் சில மணி நேரத்தில் வடிகட்டியில் ஒட்சிசன் தீரும், பற்றீரியா சாகத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் அந்த அழுகல் நீர் தடாகத்துக்குள் பாயும். மின்கலத்தில் இயங்கும் சிறு காற்றூட்டி ஒன்றைத் தடாகச் செலவின் பகுதியாகவே கருத வேண்டும். மேட்டில் வற்றாத ஊற்று உள்ள காணியில் பீலி ஒன்றை அமைத்து நீரைத் தடாகத்தில் விழச் செய்தால், மின்சாரமே இல்லாமல் இரவும் பகலும் காற்று கலக்கும். பீலியில் குளித்தும் நீர் பிடித்தும் வளர்ந்த மலைநாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான அருவி வேறில்லை.

தட்பவெப்பம் கோய்க்கு உகந்தது. யமகோஷியின் குளிரில் மாதக்கணக்கில் உண்ணாமல் கிடக்கும் மீன், கண்டியில் ஆண்டு முழுதும் தின்று வளரும். அதனால் வடிகட்டிக்கும் ஓய்வில்லை. ஆனால் இதே இளவெப்பம் ஒரு நோய்க்கும் உகந்தது. 1998இல் வெளித்தெரிந்த கோய் ஹேர்பிஸ் வைரசு, நீர் 18 பாகைக்கும் 28 பாகை செல்சியசுக்கும் இடையில் இருக்கும்போதே பெரும்பாலும் கொல்கிறது. கண்டித் தடாகங்களின் வெப்பநிலை பெரும்பாலும் இந்த எல்லைக்குள்தான். மருந்து கிடையாது. புதிய மீனை வேறு தொட்டியில், வேறு வலையோடு, சில வாரங்கள் தனித்து வைப்பது ஒன்றே காப்பு.

பகைவர்கள் பலர். நீர்க்காகமும் கொக்கும் பகலில் வரும். மீன் ஆந்தையும் நீர்நாயும் இரவில் வரும். கபரகொய்யா எனும் பெரிய உடும்பும் பகலில் வரும். தடாகத்தின் ஓரத்தைச் சரிவாக அமைக்காமல் செங்குத்தாக இறக்கினால் கொக்கு நின்று குத்த இடமிருக்காது. நடுவில் மீன் ஒளிய ஒரு கற்குகையும் வேண்டும். கொசுவுக்கு மீனுள்ள தடாகம் ஆபத்தில்லை, புழுக்களை மீன் தின்றுவிடும். ஆபத்து அதைச் சுற்றியிருக்கும் பூச்சட்டித் தட்டுகளிலும், இலைக்கக்கத்தில் நீர் தேங்கும் அன்னாசிக் குடும்ப அலங்காரச் செடிகளிலும், நீரேற்றி பழுதாகி நிற்கும் வடிகட்டிப் பெட்டியிலும் இருக்கிறது. 2017இல் நாடு முழுதும் 1,86,101 டெங்கு நோயாளர் பதிவான ஆண்டைக் கண்டி மறந்திருக்காது. கொசுப் பெருக்கத்துக்கு இடமளிப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம்.

கொடியும் தடாகமும் சேரும் இடத்தில் சில விலக்குகள் தேவை. பாதி நிழல் மீனுக்கு நல்லது, பாசியையும் அடக்கும். ஆகவே தடாகத்தின் மேற்குப் பக்கத்தில் பந்தல் அமைத்து மாலை வெயிலை மறைக்கலாம். ஆனால் அலமண்டாக் கொடியின் பால் நஞ்சு. மத்திய அமெரிக்காவில் கிளிரிசீடியாவின் பட்டையும் விதையும் எலியைக் கொல்லப் பயன்பட்டவை. இவை இரண்டும் நீருக்கு மேல் கிளை நீட்டக்கூடாது. இரங்கூன் மல்லி உதிர்க்கும் பூ அழகானாலும் நாள்தோறும் வலையால் அள்ள வேண்டியிருக்கும். நீர்ச்செடிகளில் அல்லியைச் சட்டியில் வைத்துச் சட்டியின் மேல் கூழாங்கல் பரப்ப வேண்டும். இல்லாவிட்டால் கெண்டை மண்ணைக் கிளறிவிடும். ஆகாயத்தாமரை கண்ணைக் கவரும். அழகுக்காகவே அது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தீவுக்கு வந்தது. 1909இலேயே அதை ஒழிக்கத் தனிச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. தாவரவியல் ஆய்வுக்காக வந்த சல்வீனியா என்ற மிதக்கும் செடியும் சில ஆண்டுகளில் வயல்களுக்குள் புகுந்தது.

கொடிகளைக் கழிக்க ஏற்ற காலம், வறட்சி தொடங்கும் சனவரி. நடுவதற்கு ஏற்றவை ஏப்பிரல் இடிமழையும் ஒக்ரோபர் மழையும். வறண்ட மாதங்களில் தடாகத்து அடிநீரை வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு இறக்கிக் கொடிகளுக்கு விட்டால் நைத்திரேற்று நேரே வேருக்குச் சேரும். இதைவிட மலிவான உரம் கிடையாது. மழை மாதங்களில் அதே நீரை மண்ணில் விடக்கூடாது, ஊறிய சரிவுக்கு அது சுமை. அப்போது மேல்வடிகாற் குழாய் நீரைக் கட்டிய கானுக்குள் கொண்டுசெல்ல வேண்டும். அந்தக் குழாயின் வாயில் மீன்குஞ்சு நுழையாத நுண்வலை வேண்டும். கண்டியின் கான்கள் கடைசியில் மகாவலியில் சேர்கின்றன. உலகில் வேறெங்கும் இல்லாத மலைநாட்டு மீனினங்கள் சில அந்த ஆற்றிலும் அதன் கிளைகளிலும் வாழ்கின்றன. அடிமண்ணைக் கிளறி நீரைக் கலக்கும் கெண்டை அவற்றுக்கு நல்ல அயலார் அல்ல. ஒரு பெண் கெண்டை ஒரே தடவையில் இலட்சக்கணக்கில் முட்டையிடும். தொட்டி கொள்ளாத குஞ்சுகளை இன்னொரு வளர்ப்பாளருக்கோ மீன் கடைக்கோ கொடுக்கலாம். ஆற்றிலோ கண்டிக் குளத்திலோ அவற்றை விடக்கூடாது.